சம்பந்தி உட்கார்ந்த மேஜை

சீட்டு போடுகிறவளுக்கு முகம் இருக்கக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆடுகிறவன் ஜெயித்தால் சிரிக்கக் கூடாது, தோற்றால் உச்சுக்கொட்டக் கூடாது, திட்டினால் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. லாவ் சௌ பெங் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துவிட்டாள். சீனாவை ஒட்டிய மக்காவ் நகரத்தின் பெரிய சூதாட்ட விடுதி ஒன்றில், பக்காரா என்ற சீட்டாட்டத்தின் மேஜைக்குப் பின்னால் அவள் நிற்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. எதிரில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டுப் போனவர்களில் ஒருவன்கூடத் தெருவில் அவளை அடையாளம் கண்டுகொண்டதில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் சீட்டையும் அதைத் தள்ளிவிடுகிற கையையும்தான்.

புத்தாண்டுக் கூட்டம் வடிந்துபோயிருந்த ஒரு பிற்பகலில் அந்த ஆள் வந்து உட்கார்ந்தான். அறுபதை ஒட்டிய வயது. கட்டை குட்டையான உடம்பு, விரலில் பச்சை ஜேட் கல் மோதிரம். பிளேயர், பாங்க்கர் என்று பந்தயம் வைக்க இரண்டு பக்கம்; அவன் பாங்க்கர் பக்கம் பெரிய தொகையாக வைத்தான். ஒரு பக்கத்தில் யார் அதிகம் வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தப் பக்கத்துச் சீட்டைத் திறக்கும் உரிமை. பெங் இரண்டு சீட்டைக் கவிழ்த்தபடியே அவனிடம் தள்ளினாள்.

முதல் சீட்டு ராணி. படச்சீட்டுக்கு மதிப்புக் கிடையாது. எதிர்ப்பக்கம் மொத்தம் ஏழு திறந்து கிடந்தது. இரண்டாவது சீட்டை அவன் இரண்டு உள்ளங்கையாலும் மூடி, கட்டைவிரல்களால் ஓரத்தை மெல்ல மெல்ல மடக்கித் தூக்கினான். ஓரத்தில் வரிசையாக மூன்று புள்ளி. அப்படியானால் ஆறு, ஏழு, எட்டு, இந்த மூன்றில் ஒன்று. எட்டு வந்தால்தான் ஜெயிப்பான்.

"மூணு புள்ளி! மூணு புள்ளி!" என்று பின்னால் நின்ற கூட்டம் கத்தியது.

"வாடா என் தங்கமே, எட்டா வந்து நில்லுடா!" என்று அவன் மேஜையில் குத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. சீட்டைக் கசக்கி மடக்கி ஒருவழியாகத் திறந்தான். ஆறு.

"பிளேயர் ஏழு, பாங்க்கர் ஆறு" என்றாள் பெங், எப்போதும் சொல்லும் அதே குரலில்.

கசங்கிய சீட்டு பறந்து வந்து அவள் கன்னத்தில் பட்டது. "சாவு வீட்டு மூஞ்சியை வச்சுக்கிட்டு எதிர்ல நின்னா எங்கேர்ந்து எட்டு வரும்? மாத்துங்கய்யா இவளை!"

மேற்பார்வையாளர் டெல்ஃபினா ஓடிவந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பெங்கிடம் யாரும் கேட்கவில்லை. இன்னொரு பெண்ணை அந்த மேஜைக்கு அனுப்பினார்கள். ஓய்வறையில் டெல்ஃபினா அவள் தோளைத் தட்டினாள். டெல்ஃபினா போர்த்துகீசிய-சீனக் கலப்பு வம்சம், நாலு தலைமுறையாக மக்காவ்க்காரி. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"கன்னத்துல பலமா பட்டுச்சாடி?"

"சீட்டுதானே."

"எம்மேல போன வாரம் ஒருத்தன் எச்சிலே துப்பினான். நீ கொடுத்துவச்சவ, போ."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தாலும் பெங் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. அரேயா பிரெத்தா பகுதியில் ஒரு பின்னலாடை ஆலையில் கம்பளிச் சட்டைக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தவள். ஆலை எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவுக்குப் போய்விட்டது. அதே வருஷம் புருஷனும் எல்லைக்கு அந்தப் பக்கமே, வேறொருத்தியோடு போய்விட்டான். கையில் மூன்று வயது மகள் கா யான். அப்போது ஊரெங்கும் புதுப் புது விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்தன. சீட்டு போட ஆள் கிடைக்காமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். ஆலையில் தையலுக்குப் பழகிய விரல் சீட்டுக்கும் சீக்கிரமே பழகிவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் மகள் நல்ல பள்ளியில் படித்தாள், பியானோ கற்றாள், கல்லூரிக்குப் போனாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகவும் ஆனாள்.

அந்தக் கா யான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் முடிக்குச் சாயம் பூசிவிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பையன் பெயர் தாம் சூன் கிட். எல்லைக்கு அந்தப் பக்கம் சூஹாய் நகரில் பொறியாளர். அப்பாவுக்குச் சொங்ஷானில் தரைக்கல் கடை, பெரிய கடை. குணமான குடும்பம்.

"பொண்ணு பாக்குற மாதிரி ஒரு மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். அப்புறம்மா… அவங்க அப்பா கொஞ்சம் பழைய காலத்து மனுஷர். சூதுன்னாலே ஆகாது. நீ ஓட்டல்ல வேலை பாக்குறேன்னு சொல்லிவச்சிருக்கேன்."

பெங் கண்ணாடியில் மகள் முகத்தைப் பார்த்தாள். கா யான் சாயக் கிண்ணத்தைக் கலக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

"ஓட்டல்ல என்ன வேலை?"

"வரவேற்பு. யாராவது கேட்டாத்தானே? கேக்க மாட்டாங்கம்மா."

"சரி" என்றாள் பெங். மண்டையில் சாயம் எரிந்தது.

சாப்பாடு கொங்பெயில், எல்லைக்கு அருகிலேயே ஓர் உணவகத்தில். வட்ட மேஜைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கும்பிடாத குறையாக வரவேற்ற மனிதனைப் பார்த்ததும் பெங்குக்கு எங்கோ பார்த்த முகம் என்று மட்டும்தான் தோன்றியது. மோதிரமும் பார்த்த மோதிரம்தான். ஆனால் அந்த மாதிரிக் கல்லை ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள். உணவுப் பட்டியல் அட்டை அவன் கைக்கு வந்தது. பேசிக்கொண்டே அதன் ஓரத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல மெல்ல மடக்கித் தூக்கினான். அவள் கன்னத்தில் சீட்டை எறிந்த அதே கை.

பையனின் அப்பா தாம் வெங் சேங்குக்கு அவளைச் சுத்தமாக அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தேநீர் ஊற்றினான், இறால் கொழுக்கட்டையை அவள் தட்டில் எடுத்துவைத்தான்.

"நீங்க தனியா நின்னு பொண்ணை ஆளாக்கியிருக்கீங்க சம்பந்தியம்மா. அதுவும் அந்த ஊர்ல! நான் என் பையன்கிட்ட அடிக்கடி சொல்வேன், மக்காவ்ல சுத்தமா வாழ்ற குடும்பம் கிடைக்கிறதே அபூர்வம்டான்னு. எத்தனை குடும்பம் அந்த மேஜையில அழிஞ்சிருக்கு! அந்தக் காசுல சாப்பிடுறவங்களுக்கு எப்படித்தான் சோறு இறங்குதோ."

கா யான் தலை குனிந்து நூடுல்ஸைக் கிளறினாள். பெங் கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். இறங்கத்தான் செய்தது.

திரும்பும்போது எல்லை வாசலில் நெரிசல். வரிசையில் நின்றபடியே மெல்ல ஆரம்பித்தாள்.

"யான், அந்த மனுஷன் சீட்டாடுவார்னு எனக்குப் படுது."

"என்னம்மா சொல்றே?"

"கையைப் பாத்தேன். அட்டையை மடக்கினதைப் பாத்தியா?"

"சாப்பாட்டு அட்டையை மடக்கினா சூதாடியா?" மகளின் குரல் உயர்ந்தது, முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். "உனக்கு உலகத்துல எவனைப் பாத்தாலும் சூதாடியாத்தான் தெரியும். உன் கண்ணு அந்த வேலையில கெட்டுப்போச்சு. எனக்கு ஒரு நல்லது நடக்கும்போதாவது கொஞ்சம் சும்மா இரேன்."

என் மேஜையிலேயே உட்கார்ந்தான், என் முகத்தில் சீட்டை எறிந்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆடவந்தவனைப் பற்றி வெளியே பேசினால் வேலை போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. பெற்ற மகளிடம், உன் மாமனார் ஆகப்போகிறவன் என்னைச் சாவு மூஞ்சி என்றான் என்று எப்படிச் சொல்வது?

நிச்சயம் முடிந்து சில வாரங்களில் அவன் மறுபடியும் அவள் மேஜைக்கே வந்தான். தலை நிமிராமல் காசு வில்லைகளை வைத்தான். அவள் சீட்டைத் தொடவில்லை. கையைத் தூக்கி டெல்ஃபினாவைக் கூப்பிட்டாள்.

"சொந்தக்காரங்க ஆட வந்தா நான் போடக் கூடாது. மாத்திவிடு."

குரலைக் கேட்டு அவன் நிமிர்ந்தான். அன்றுதான் அவள் முகத்தை அவன் முதல்முதலாக அந்த இடத்தில் பார்த்தான். வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

"யாருடி இது?" என்றாள் டெல்ஃபினா காதோரமாக.

"சம்பந்தி."

டெல்ஃபினா ஏதோ போர்த்துகீசியத்தில் முணுமுணுத்துக்கொண்டு அவளை அங்கிருந்து நகர்த்தினாள்.

வேலை முடிந்து ஊழியர் வாசல் வழியாக வெளியே வந்தபோது பேருந்து நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சம்பந்தியம்மா, ஒரு வார்த்தை. வீட்டுல சொல்லிடாதீங்க. எப்பவாவது வருவேன், வியாபார விஷயமா ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றப்ப. இன்னியோட விட்டுட்டேன். என் பையன் மேல சத்தியம்."

"பையன் மேல எல்லாம் சத்தியம் பண்ணாதீங்க."

"அப்ப எது மேல பண்ணட்டும்?"

பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். கெஞ்சல் எடுபடவில்லை என்று கண்டதும் அவன் குரல் மாறிவிட்டது.

"ஓட்டல் வரவேற்புன்னு சொன்னது யாரு? நானா? பொய்யில ஆரம்பிச்சது உங்க பொண்ணு. நீங்க வாயைத் திறந்தா நானும் திறப்பேன். சூதாட்டக் கடைக்காரி பொண்ணு எங்களுக்கு வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, அதோட முடிஞ்சது. யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுக்குங்க."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தாள். பழைய பூங்காவைத் தாண்டும்போது முடிவு செய்துவிட்டாள். சொல்வதில்லை. அவன் விட்டாலும் விடலாம். விட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்களே. அப்படி ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. சம்பந்தி மேடையில் நின்று பேசினான், மருமகளைச் சொந்த மகள் என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓட்டலில் பொறுப்பான உத்தியோகத்தில் இருக்கிற சம்பந்தியம்மா என்று பெங்கை அறிமுகம் செய்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மறு வருஷக் குளிர்காலத்தில் சம்பந்தியின் சூதாட்டக் கடன் எல்லாம் வெளியே வந்தது. கடையை அடைத்தார்கள். கடையோடு, பிள்ளையும் மருமகளும் குடியிருந்த வீடும் போயிற்று. அது அவன் பெயரில்தான் இருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்து நின்றபோது மகனும் மருமகளும் அவனைப் பிடித்து உலுக்கினார்கள். மூலையில் மாட்டிக்கொண்ட மனிதன் கைக்கு அகப்பட்டதை எறிவான் அல்லவா? அவன் பெங்கை எறிந்தான்.

"என்னை மட்டும் கேக்குறீங்களே, உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவ கையாலதான் எனக்குச் சீட்டு விழுந்துச்சு. போய் அவளைக் கேளு!"

கா யான் தேய்த்த பள்ளிச் சீருடை மாதிரி எப்போதும் கலையாமல் இருப்பவள். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா வீட்டுக்குள் வந்தாள்.

"தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே. எல்லை வாசல்ல உங்கிட்ட சொன்னேன் யான். நீதான்…"

"சொன்னியா? 'எனக்குப் படுது'ன்னே. படுதுன்னு சொல்றதும் பாத்தேன்னு சொல்றதும் ஒண்ணா? என் மாமனார் உன் எதிர்ல உக்காந்து வீட்டை வச்சு ஆடியிருக்காரு, நீ கல்லு மாதிரி நின்னு போட்டுக் குடுத்திருக்கே. அங்க நிக்கிற மாதிரியே எங்கிட்டயும் நின்னுட்டே!"

"சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். அப்ப மட்டும் என்னை மன்னிச்சிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "ஆனா வீடு இருந்திருக்கும்."

எந்த வீடு, யாருடைய வீடு என்று பெங் கேட்கவில்லை. மகள் கதவைச் சாத்தாமலே போனாள். தான்சோவில் ஓர் அறை பிடித்துப் புருஷனும் பெண்டாட்டியும் குடிபோனார்கள். அவள் வேலை செய்யும் பள்ளி அம்மா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தினமும் எல்லையைக் கடந்து வந்தாள், அதே தெரு வழியாகப் போனாள். மாடி ஏறவில்லை.

வசந்தத்தில் ஒரு நாள் காலை மருமகன் கிட் மட்டும் வந்தான். கையில் ஒரு பை பேரிக்காய். இளைத்திருந்தான். தேநீரைக் குடித்துமுடித்தான்.

"அத்தை, எனக்கு ஒரு விஷயம் தெரியணும். அந்த ஆட்டத்தை எப்படி ஆடறது?"

"எதுக்கு?"

"நான் சீட்டையே தொட்டதில்ல. முப்பது வருஷக் கடை எதுல போச்சுன்னாவது தெரிஞ்சுக்க வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. மேஜை இழுப்பறையில் பழைய சீட்டுக்கட்டு ஒன்று கிடந்தது. மேஜை விரிப்பை ஒதுக்கிவிட்டுச் சீட்டைக் கலைத்தாள்.

"ரெண்டு பக்கம். இது பிளேயர், இது பாங்க்கர். பேருதான் அப்படி, ஆடறவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எது ஜெயிக்கும்னு நினைக்கிறியோ அங்க காசை வை. ரெண்டும் சமமா வரும்னும் வைக்கலாம், அது எப்பவாவதுதான் வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு சீட்டு." போட்டாள். ஒரு பக்கம் ராஜாவும் நாலும், இன்னொரு பக்கம் ஒன்பதும் ஏழும். "படத்துக்கும் பத்துக்கும் மதிப்புக் கிடையாது. ஆஸ்னா ஒண்ணு. மத்ததுக்கு அதுல இருக்கிற எண்ணு. கூட்டு."

"இது நாலு. இது பதினாறு."

"இங்க பதினாறுன்னு ஒண்ணு கிடையாது. பத்தை விட்டுடு. ஆறு. ஒன்பதுதான் உச்சம், அதுக்குக் கிட்ட வர்றவன் ஜெயிச்சான். முதல் ரெண்டு சீட்டுலயே எந்தப் பக்கமாவது எட்டோ ஒன்பதோ வந்துட்டா அதோட சரி. இல்லேன்னா மூணாவது சீட்டு."

"வாங்கலாமா வேணாமான்னு அப்பா சொல்வாரா?"

"யாரும் சொல்ல முடியாது. எல்லாம் விதி. பிளேயர் அஞ்சு வரைக்கும் இருந்தா வாங்கணும், ஆறு ஏழுன்னா நிக்கணும். இப்ப நாலு, வாங்கணும்." ஐந்து விழுந்தது. "ஒன்பது. பாங்க்கருக்கு வேற கணக்கு. பிளேயருக்கு மூணாவதா என்ன விழுந்துச்சோ அதைப் பாத்துத்தான் அது வாங்கும். ஆறுல இருக்கிறப்ப, அங்க ஆறோ ஏழோ விழுந்திருந்தாத்தான் வாங்கும். விழுந்தது அஞ்சு. நின்னாச்சு. பிளேயர் ஜெயிச்சாச்சு."

"அப்ப அப்பா என்னதான் பண்ணினார்?"

"எந்தப் பக்கம்னு சொன்னார். அப்புறம் சீட்டைத் திறந்தார்."

"யார் திறந்தாலும் அதே சீட்டுதானே?"

"அதே சீட்டுதான். மடக்கினாலும் ஊதினாலும் குத்தினாலும் அதேதான். பாங்க்கர் ஜெயிச்சா இருபதுல ஒரு பங்கை விடுதி எடுத்துக்கும். ஏன்னா அந்தப் பக்கம் மயிரிழை அதிகமா ஜெயிக்கும். மேஜைக்கு மேல ஒரு பலகையில சிவப்பு வட்டம், நீல வட்டம்னு முன்னாடி ஜெயிச்சதெல்லாம் ஓடும். உங்கப்பா அதை ஜாதகம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி இருக்கு அத்தை. ஏதோ பெரிய சூட்சுமம் இருக்கும், அதுல ஏமாந்திருப்பார்னு நினைச்சேன்." அழுதுவிடுவான் போல இருந்தது. பிறகு, "இன்னொண்ணு போடுங்க. நான் பிளேயர்" என்றான்.

போட்டாள். பிளேயர் எட்டு. அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அந்தச் சிரிப்புக்காகவே இன்னொன்று போட்டாள். அதுவும் பிளேயர்தான்.

"இப்ப பாங்க்கர்தான் வரும்" என்றான், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு. "தொடர்ந்து மூணு தடவை பிளேயர் வந்தாச்சு, மாறித்தான் ஆகணும். போடுங்க அத்தை."

பெங் சீட்டை எடுக்கவில்லை. அவன் கண் மேஜையிலேயே இருந்தது. அவள் முகத்துக்கு வரவில்லை. மொத்தக் கட்டையும் அள்ளி, கைக்கு வந்தவரை இரண்டிரண்டாகக் கிழித்தாள்.

"வீட்டுக்குப் போ கிட்."

"சும்மா விளையாட்டுக்குத்தானே…"

"இப்ப நீ சொன்னதை நீயே கேட்டியா? எந்திரி. போ."

அவன் காது சிவக்க எழுந்து போனான்.

சாயங்காலம் தொலைபேசியில் மகள் பெயர் ஒளிர்ந்தது. பெங் ஈரக் கையோடே எடுத்தாள்.

"அவருக்குச் சீட்டாட்டம் கத்துக் குடுத்தியாமே?"

"யான், அவன்தான் கேட்டான்…"

"கேட்டா குடுத்துடுவியா? அப்பன் போனது போதாதா உனக்கு, புள்ளையும் வேணுமா?"

வைத்துவிட்டாள்.

அதன் பிறகு கிட்டும் வரவில்லை. சம்பந்தியைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அண்ணன் வீட்டில் கிடக்கிறான் என்றார்கள். வேறொரு விடுதியில், ஆடக் காசில்லாமல், அடுத்தவன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார்கள். பெங் வேலையை விடவில்லை. வேறு என்ன தெரியும் அவளுக்கு?

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள், கட்டடத்துக் காவலாளி அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பை கொடுத்தான். கண்ணாடி போட்ட ஒரு தம்பி வைத்துவிட்டுப் போனதாம். உள்ளே சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள், ஊறவைத்த இஞ்சி. குழந்தை பிறந்து மாதம் நிறைந்தால் கொடுப்பது. பெங் பையைக் குடைந்து பார்த்தாள். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வேலைக்குப் போகும்போது பையோடே போனாள். ஓய்வறையில் டெல்ஃபினாவுக்கு ஒரு முட்டையை நீட்டினாள். டெல்ஃபினா துள்ளி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அடியே பாட்டி! சொல்லவே இல்ல பாத்தியா! பொண்ணா, பையனா?"

பெங் தன் முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் சிவப்பு.

"தெரியாது" என்றாள்.